பூம்புகார் என்றால் எந்தப் பூம்புகார்?

சகோதரிகளே, எங்கள் ஊர்ப் பெயரைக் கைப்பேசியில் கூகுளில் போட்டுப் பாருங்கள். 1964-ல் எஸ்.எஸ்.ராஜேந்திரனும் விஜயகுமாரியும் நடித்த சினிமா வரும். குத்துவிளக்கும் தஞ்சாவூர்த் தட்டும் விற்கிற அரசாங்கக் கைவினைக் கடை வரும். அனல்மின் நிலையத்துக்கு நிலக்கரி ஏற்றி வரும் கப்பல் கழகம்கூட வரும்! காவிரி கடலில் கலக்கும் எங்கள் ஊரும் நடுவில் எங்கேயோ இருக்கும். 'பூம்புகார், மயிலாடுதுறை மாவட்டம், பஸ் நேரம்' என்று சேர்த்துப் போட்டால்தான் விஷயத்துக்கு வரும். (மாவட்டம் பிரிந்தது 2020-ல். பழைய தகவல்களில் நாகப்பட்டினம் என்றே இருக்கும்.)

பஸ் போனால் போகிறது. குழந்தைக்கு உடம்பு என்றால்?

அடுத்த வீட்டுப் பெண்ணின் ஏழு மாதக் குழந்தைக்கு இருமல். "அக்கா, இருமல் கைவைத்தியம்னு போட்டா துளசிச் சாறும் தேனும்னு வருது, கொடுக்கட்டுமா?" என்றாள். "வயசையும் சேர்த்துப் போடு, பார்க்கலாம்" என்றேன். போட்டதும், ஒரு வயது முடியாத குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது என்று வந்தது. தேனில் சில சமயம் ஒரு கிருமியின் வித்து இருக்குமாம். பெரியவர்களை அது ஒன்றும் செய்வதில்லை. கைக்குழந்தையின் குடலில் வளர்ந்து விஷத்தை உண்டாக்கி, பிள்ளையைத் துவண்டுபோகச் செய்துவிடும், மூச்சுக்கே ஆபத்து. பிறந்த பிள்ளையின் நாக்கில் தேன் தொட்டு வைக்கிற வழக்கம் நம் பக்கம் உண்டு. என் மாமியார் இதைப் படித்தால் சண்டைக்கு வருவார்! இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும். அந்தப் பெண் தேனை வைத்துவிட்டு, குழந்தையை டாக்டரிடம் தூக்கிப் போனாள்.

வயது, எத்தனை நாளாகத் தொந்தரவு, ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரை, பெண் மாசமாக இருக்கிறாளா... இவற்றைச் சேர்த்தே கேளுங்கள். பெயர், ஆதார் எண், விலாசம் மட்டும் வேண்டவே வேண்டாம்.

நாம் சொல்லாமலே அது தெரிந்துகொள்வதும் உண்டு. இருக்கும் ஊர், முன்பு தேடியவை எல்லாம் பார்த்துப் பதிலை மாற்றும். 2005-ல் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு மட்டும் என்று ஆரம்பித்து, 2009-ல் எல்லோருக்குமே கொண்டுவந்துவிட்டார்கள். வீட்டுக்கே ஒரு போன் என்றால் அவர் தேடிய உரமும் பையனின் கிரிக்கெட்டும் நம் சமையலோடு கலந்துதான் வரும்.

கூகுளில் மேலே ஓரத்தில் உள்ள உங்கள் படத்தைத் தொட்டால், தேடல் வரலாறு என்று இருக்கும். வேண்டாததை அங்கே அழிக்கலாம். மூன்று மாதத்துக்கு மேற்பட்டது தானே அழியும்படியும் வைக்கலாம். நாள் தள்ளிப்போனதைப் பற்றி மருமகள் தேடியதை மாமனார் பார்க்க வேண்டாமே!