ஏறும் முன் படிப்போம்

பால்மர வரிசைகளுக்குப் பின்னால் நீல நிறத்தில் தெரியும் மலைகளைப் பார்த்து வளர்ந்தவர்கள் நெகிரி செம்பிலான் தோட்டப்புற மக்கள். இன்று பள்ளி விடுமுறை வந்தால், இளைஞர் பலர் கூட்டமாக அம்மலைகளில் ஏறுகின்றனர். இது வரவேற்கத்தக்கது. ஆனால், சிலர் கைப்பேசியில் பார்த்த ஒரு நிமிடக் காணொளியை மட்டும் நம்பிப் புறப்படுகின்றனர். மலையேற விரும்புவோர் முதலில் நல்ல வழிகாட்டி நூலைப் படிக்க வேண்டும் என்பதே என் கருத்து.

காணொளி உச்சியைக் காட்டும். வழிகாட்டி நூல் பாதையைக் காட்டும். குனோங் அங்சியின் உயரம் 825 மீட்டர். உலு பெண்டுல் பொழுதுபோக்கு வனத்திலிருந்தும் புக்கிட் புத்துஸ் மலைச்சாலையிலிருந்தும் அதில் ஏறலாம். உச்சி ஒன்றுதான்; ஆனால், உலு பெண்டுல் தாழ்வான இடத்தில் இருப்பதால் அங்கிருந்து ஏற வேண்டிய உயரம் அதிகம். ரெம்பாவ் வட்டாரத்தில் உள்ள குனோங் டத்தோ 884 மீட்டர் உயரமுடையது. அதன் உச்சியிலுள்ள பெரும்பாறைகள்மீது ஏற ஏணியைப் பயன்படுத்த வேண்டும். மழை பெய்தால் பாறை வழுக்கும். ஆகவே, உயரத்தை மட்டும் அறிந்தால் போதாது. வழி பிரியும் இடம், நீர் கிடைக்கும் இடம், திரும்ப வேண்டிய நேரம் ஆகியவற்றையும் அறிய வேண்டும்.

இத்தகைய நூல்களுக்கு நீண்ட வரலாறு உண்டு. ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலைகளுக்கு ஜான் பால் எழுதிய வழிகாட்டி நூலின் முதல் பகுதி 1863ஆம் ஆண்டிலேயே வெளிவந்தது. நம் பத்துமலையின் சுண்ணாம்புப் பாறைகளிலும் இன்று பலர் கயிறு கட்டி ஏறுகின்றனர். பாறையேறும் வழிகளின் கடினத்தை வழிகாட்டி நூல்கள் தரநிலைகளாகப் பிரித்துக் காட்டுகின்றன. புதியவர் தம் ஆற்றலுக்கேற்ற வழியைத் தேர்ந்தெடுக்க அது உதவுகிறது.

"கைப்பேசியில் வரைபடம் இருக்கும்போது நூல் எதற்கு?" எனச் சிலர் கேட்கலாம். அடர்ந்த காட்டில் தொடர்பு கிடைக்காமல் போகலாம், மின்கலமும் தீர்ந்துவிடலாம். "அனுபவசாலிக்கு வழிகாட்டி தேவையா?" எனவும் கேட்கலாம். 1997ஆம் ஆண்டு மே 23இல் எவரெஸ்ட் உச்சியை அடைந்த முதல் மலேசியர்களான மகேந்திரனும் மோகனதாஸும் ஷெர்பாக்களின் துணையுடன்தான் ஏறினர். வழி அறிந்தவரிடம் கேட்பது இழுக்கன்று.

எனினும், நூலைக் கண்மூடி நம்பவும் கூடாது. மண்சரிவால் பாதை மாறலாம். ஆகவே, நூல் வெளிவந்த ஆண்டைப் பார்ப்பதும் வனத்துறையிடம் அனுமதியையும் அண்மைய நிலவரத்தையும் கேட்டறிவதும் அவசியம்.

இன்னொரு கடமையும் நமக்கு உண்டு. எந்த ஓடை மழையில் பெருகும், எந்தச் சரிவில் அட்டை மிகுதி என்பன பால்மரம் சீவிய நம் தாத்தா பாட்டிகளுக்குத் தெரியும். தோட்டங்கள் செம்பனைக்கு மாறின. மக்கள் நகரங்களுக்குக் குடிபெயர்ந்தனர். அவர்களோடு அந்த அறிவும் மறைந்துவிடக்கூடாது. உங்கள் ஊருக்கு அருகிலுள்ள ஒரு குன்றைப் பற்றி அவர்களிடம் கேட்டு, தமிழில் ஒரு பக்கமாவது எழுதி வையுங்கள். நாளை அவ்வழியே செல்லும் ஒருவரை அந்தப் பக்கம் பாதுகாப்பாக வீடு சேர்க்கலாம்.