தறியடியிற் பிறந்த கவிதை

ஒரு மொழியின் தகுதியை அதனைப் பேசுவோரின் செல்வத்தையும் செல்வாக்கையும் கொண்டு அளப்பது உலக வழக்கு. அவ்வழக்குப் பிழையானது என்பதற்கு அயர்லாந்தின் வடபாகமாகிய அல்ஸ்ரரில் எழுந்த ஸ்கொற்ஸ் மொழிக் கவிதை தக்க சான்றாகும். றொபேட் பேண்ஸின் பெயரை அறிந்தோர் பலர். கடலுக்கு இப்பால் நின்று அவர் மொழியிலேயே பாடிய அல்ஸ்ரர் நெசவாளரை அறிந்தோர் மிகச் சிலரே. அவர்தம் பாடல்கள் பேண்ஸின் வெறும் எதிரொலி அல்ல என்பது எமது துணிபு.

ஸ்கொற்ஸ் ஆங்கிலத்தின் சிதைவு எனக் கருதுவோர் உளர். உண்மையில் அது பழைய ஆங்கிலத்தின் வடதிசை வழக்கிலிருந்து கிளைத்து வளர்ந்த உடன்பிறப்பு மொழியாகும். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்கொத்லாந்தின் தாழ்நில மக்கள் அல்ஸ்ரரிற் குடியேறியபோது அதுவும் அவர்களுடன் கடல் கடந்தது. அங்கே அன்ரிம், டவுண் முதலிய பகுதிகளில் லினன் துணி நெய்தோர் பலர் 18ஆம் நூற்றாண்டின் இறுதி தொட்டு அம்மொழியிற் கவிதை புனைந்தனர். பாடசாலை ஆசிரியரான சாமுவேல் தொம்சன் 1793இலும், நெசவாளரான ஜேம்ஸ் ஓர் 1804இலும், ஹியூ போட்டர் 1813இலும், நூல் நூற்றுப் பிழைத்த சாரா லீச் என்னும் இளம்பெண் 1828இலும் தத்தம் நூல்களை வெளியிட்டனர். இத்தகைய நூல்கள் பெரும்பாலும் முன்கூட்டியே பணம் தர ஒப்பியோரின் துணைகொண்டு அச்சேறின. மன்னரைப் பாடிப் பரிசில் பெறாத இக்கவிஞர்க்கு ஊராரே புரவலராயினர்.

பேண்ஸின் நூல் 1786இல் வெளிவந்து, மறு ஆண்டே பெல்பாஸ்ற் நகரிலும் அச்சிடப்பட்டது. அதன் செல்வாக்கை யாம் மறுக்கவில்லை. எனினும், பேண்ஸ் பெரிதும் கையாண்ட செய்யுள் வடிவம் அவர்க்கு முன்னரே அலன் றாம்சி முதலியோர் கையாண்டதாகும். ஒரே ஊற்றில் நீர் மொண்ட இருவருள் ஒருவர் மற்றவரின் குடத்திலிருந்து எடுத்தார் என்பது நீதியாகுமோ?

ஜேம்ஸ் ஓர் இயற்றிய பாடலொன்று அயர்லாந்துக் குடியானவன் ஒருவனின் இறப்பையும் அடக்கத்தையும் கூறுவது. அதன்கண் மதகுருவின் முன்னிலையில் ஊரார் தம் மொழியை மறைத்துக் கற்றோர் மொழி பேச முயன்று, பெருஞ் சொற்களைப் பிழைபட வழங்குகின்றனர். தாய்மொழிக்கு நாணுவோரின் நிலையை இத்துணைப் பரிவும் நகையும் கலந்து காட்டிய புலவரைப் போலிக் கவிஞர் எனல் பொருந்தாது.

இன்று இம்மொழிக்கு வேறொரு இடரும் உண்டு. பிரித்தானியாவுடனான இணைப்பை விரும்பும் கட்சியினரின் உடைமையாகவே பலர் இதனைக் கருதுகின்றனர். ஆனால் ஜேம்ஸ் ஓர், 1798இல் அவ்வரசை எதிர்த்து எழுந்த ஐக்கிய அயர்லாந்தியர் கிளர்ச்சியிற் பங்குகொண்டவர். தோல்வியின் பின் அமெரிக்காவுக்குத் தப்பியோடி மீண்டவர். அக்கிளர்ச்சியிற் பின்வாங்கிய தம் தோழரை எள்ளிப் பாடவும் அவர் தயங்கவில்லை. அத்தகையோரின் மொழியை எக்கட்சிக் கொடியின் கீழ் அடக்கலாம்?

1998ஆம் ஆண்டின் சமாதான உடன்படிக்கையை அடுத்து, 1999இல் இம்மொழியின் வளர்ச்சிக்கென ஓர் அரச நிறுவனம் அமைந்தது. 2001இல் ஐரோப்பியச் சிறுபான்மை மொழிகள் சாசனத்தின் கீழும் இதற்கு ஏற்புக் கிடைத்தது. இவை வேண்டற்பாலனவே. ஆயினும் சட்டமும் பெயர்ப்பலகையும் ஒரு மொழிக்கு மதிலாகுமேயன்றி உயிராகா. அன்ரிம் மக்களின் பேச்சுச் சொற்களைத் திரட்டி 1995இல் நூலாக்கிய ஜேம்ஸ் பென்ரன், அச்சொற்களைக் கொண்டே கவிதையும் இயற்றினார். மொழி வாழும் வழி அதுவே.

ஆகவே, ஒரு பேச்சைக் கொச்சையென்று தள்ளுமுன்னரும், ஒரு கட்சியின் முழக்கமென்று ஒதுக்குமுன்னரும், அதிற் பிறந்த கவிதையைப் பொறுமையுடன் கற்றல் வேண்டும். கற்றபின் கூறும் தீர்ப்பே கற்றோர்க்கு அழகு.