அறுபது நானோ வினாடிகள்

2011 செப்டம்பரில் ஐன்ஸ்டீன் திடீரென்று உலக நாளிதழ்களின் தலைப்புச் செய்தியானார். அவருடைய கொள்கை தகர்ந்துவிட்டது என்னும் தொனியில் பல செய்திகள் வெளிவந்தன. ஜெனீவா அருகிலுள்ள செர்ன் ஆய்வகத்திலிருந்து புறப்பட்ட நியூட்ரினோக்கள், நிலத்தினூடே ஏறத்தாழ 730 கிலோமீட்டர் கடந்து, இத்தாலியின் கிரான் சாசோ மலைக்கு அடியில் இருந்த ஓபெரா கருவியை அடைந்தன. ஒளி எடுத்துக்கொள்ளும் நேரத்தைவிட 60 நானோ வினாடி முன்னதாகவே அவை வந்தன என்பதே அளவீடு.

ஆய்வாளர்கள் சொன்னதோ வேறு. மூன்றாண்டுத் தரவுகளைப் பல மாதங்கள் அலசியும் தங்களால் பிழை காண இயலவில்லை. பிறரும் ஆராய்ந்து பார்க்கட்டும் என்றார்கள். ஐன்ஸ்டீனை அவர்கள் வீழ்த்தவில்லை. வீழ்த்தியது தலைப்பு எழுதியவரின் பேனாதான்.

இயற்பியலாளர் பலர் அப்போதே ஐயுற்றனர். அது பழமைப் பற்று அன்று; அதற்கு வலுவான சான்று இருந்தது. ஏறத்தாழ 1,68,000 ஒளியாண்டுகளுக்கு அப்பால் ஒரு விண்மீன் வெடித்ததை 1987-இல் உலகம் கண்டது. அதன் நியூட்ரினோக்கள் ஒளிக்குச் சில மணி நேரம் முன்பே புவியை அடைந்தன. விண்மீனின் உட்புறத்திலிருந்து அவை தடையின்றி வெளியேறின. ஒளியோ அதிர்வலை மேற்பரப்பை எட்டும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஓபெராவின் அளவீடு எல்லா நியூட்ரினோக்களுக்கும் பொருந்துவதாயின், அவை நான்கு ஆண்டுகளுக்கு முன்பே வந்திருக்க வேண்டும். கணக்கிட்டுப் பாருங்கள், பெருக்கலும் வகுத்தலும் போதும். ஆற்றல் வேறுபட்டால் வேகமும் வேறுபடலாமே என்று கேட்பவர் உண்டு. நியாயமான கேள்விதான். ஆகவேதான் மறு அளவீடு தேவைப்பட்டது.

2012-இல் குறை வெளிப்பட்டது. நேரக் குறிப்பைக் கொண்டுவந்த ஒளியிழை வடம் ஒன்று உரிய இடத்தில் முழுமையாகப் பொருந்தாமல் இருந்திருக்கிறது! இயற்பியல் பாடத்தில் நீங்கள் படிக்கும் முறையான பிழை இதுவே. எத்தனை ஆயிரம் முறை அளந்து சராசரி கண்டாலும் இவ்வகைப் பிழை மறையாது. அதே மலையடியில் இருந்த இக்காரஸ் உள்ளிட்ட பிற கருவிகளின் அளவீடுகளும் நியூட்ரினோக்கள் ஒளியை முந்தவில்லை என்றே காட்டின.

குழுவுக்குள் எழுந்த பூசலுக்கும் வாக்கெடுப்புக்கும் பிறகு அதன் தலைவர் பதவி விலகினார். அவர்கள் அவசரப்பட்டார்கள் என்போர் இன்றும் உளர். எனக்கு அதில் உடன்பாடில்லை. புரியாத முடிவைப் பெட்டிக்குள் பூட்டிவைத்திருந்தால் பலருடைய கண்கள் அதன்மீது பட்டிருக்குமா? வடத்தைக் கண்டறிந்ததும் உலகுக்கு அறிவித்ததும் அவர்களேயன்றோ? குறை சொல்ல வேண்டுமெனில், செப்டம்பரில் பெரிய எழுத்தில் வந்த செய்தியின் திருத்தத்தைப் பின்னர் ஓரத்தில் சிறு பத்தியாக வெளியிட்ட இதழ்களையே நான் சொல்வேன்.

ஓபெரா உண்மையில் அமைக்கப்பட்டது, பயணத்தின்போது ஒருவகை நியூட்ரினோ மற்றொரு வகையாக மாறுவதைக் காண்பதற்கு. 2015-க்குள் அத்தகைய ஐந்து நிகழ்வுகளை அது பதிவுசெய்து, அம்மாற்றத்தை உறுதிப்படுத்தியது.