வயிற்று வலி, விடாத காய்ச்சல்: எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு ஸ்கேன் ஏன் தள்ளிப்போகக் கூடாது?

குரோம்பேட்டையில் தாம்பரம் ரயிலைப் பிடித்தால் அடுத்த ஸ்டேஷன் சானடோரியம். 1928-இல் டாக்டர் டேவிட் சவுரிமுத்து தொடங்கிய காசநோய் இல்லம் தந்த பெயர் அது. இன்று அது அரசு நெஞ்சக மருத்துவமனை. 2004 ஏப்ரலில் நாட்டில் இலவச ஏ.ஆர்.டி. சிகிச்சை தொடங்கிய எட்டு மையங்களில் இதுவும் ஒன்று.

காசநோய் என்றால் நெஞ்சு, எக்ஸ்ரே, சளிப் பரிசோதனை என்றுதான் நினைக்கிறோம். ஆனால், எச்.ஐ.வி.யால் எதிர்ப்புசக்தி குறைந்தவர்களிடம் அது வயிற்றுக்குள்ளும் இறங்கும். நிணநீர்க் கட்டிகள், மண்ணீரல், குடல் என எங்கும் பரவும். சளியில் கிருமி தெரியாமல் போகலாம். எக்ஸ்ரேவும் சுத்தமாக இருக்கலாம். 'கேஸ் டிரபிள்தான், சரியாயிடும்' என்று நாட்கள் ஓடுவது இப்படித்தான்.

எந்த ஸ்கேன் எதற்கு?

முதலில் அல்ட்ராசவுண்ட். கதிர்வீச்சு கிடையாது, செலவு குறைவு. வீங்கிய கட்டிகள், மண்ணீரலில் சிறு கரும்புள்ளிகள், வயிற்றில் நீர் ஆகியவற்றைச் சில நிமிடங்களிலேயே காட்டிவிடும். குடல் அடைப்பு, ஓட்டை என்று சந்தேகம் வந்தால் சி.டி. ஆசனவாய் அருகே புரையோடிய புண், இடுப்புக்குழிச் சீழ் எவ்வளவு ஆழம் என்று பார்க்க எம்.ஆர்.ஐ.

எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பு சுமார் ஆறு மடங்கு அதிகம். அதை முன்கூட்டியே கண்டுபிடிக்க ஸ்கேன் போதாது. அதற்குத் தனிப் பரிசோதனை உண்டு. நோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்பதைச் சொல்லத்தான் எம்.ஆர்.ஐ.

படம் மட்டுமே தீர்ப்பு ஆகாது. லிம்போமா புற்றுநோயும் ஸ்கேனில் காசநோய் போலவே தெரியலாம். ஊசி மூலம் திசு எடுத்துப் பார்த்தால்தான் உறுதி. ஏ.ஆர்.டி. தொடங்கிய சில வாரங்களில் எதிர்ப்புசக்தி மீளும்போதும் கட்டிகள் வீங்கலாம். 'மருந்து ஒத்துக்கலை' என்று அவசரப்பட்டு நிறுத்திவிடக் கூடாது.

என்ன செய்ய வேண்டும்?

காய்ச்சல், எடை குறைவு, வயிற்று வலியோடு வருபவருக்கு முதல் வருகையிலேயே அல்ட்ராசவுண்ட் கிடைக்க வேண்டும். ஸ்கேன் அறை வாசலில் நோயின் பெயரை உரக்கச் சொல்லும் பழக்கம் ஒழிய வேண்டும். எச்.ஐ.வி.யைக் காரணம் காட்டிச் சிகிச்சை மறுப்பதை 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. 2018 செப்டம்பர் முதல் அது அமலில் உள்ளது. நாலு பேருக்குத் தெரிந்துவிடுமோ என்று பயந்து ஒருவர் ஸ்கேனையே தவிர்த்தால், எந்தக் கருவி இருந்தும் பயனில்லை. சந்தேகம் இருந்தால் 1097-ஐ அழைக்கலாம், கட்டணம் இல்லை.