கீமோவுக்கு நடுவே ஒரு தீபாவளி

தீபாவளி நெருங்கிவிட்டால் வானொலிக்கு வரும் அழைப்புகளின் ருசியே மாறிவிடும். பாட்டு கேட்பவர்கள் குறைந்து, அதிரசம் ஏன் எண்ணெயில் பிரிகிறது, நெய் உருண்டைக்குப் பாசிப்பயற்றை எவ்வளவு வறுக்க வேண்டும் என்று கேட்பவர்கள் கூடிவிடுவார்கள். அக்டோபர் மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு மாதம் என்பதால் அதைப் பற்றியும் காலை நிகழ்ச்சியில் பேசினோம். அன்று அழைத்த ஒரு சகோதரி குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: "எனக்கு கீமோ போய்க்கிட்டிருக்கு. தீபாவளிக்கு முறுக்கு சாப்பிடலாமா?"

சாப்பிடலாம். ஒரு சொல்லில் பதில் அவ்வளவுதான். ஆனால் அந்தக் கேள்விக்குப் பின்னால் இருக்கும் பயத்துக்கு ஒரு சொல் போதாது. வானொலியில் எனக்குக் கிடைத்தது இரண்டு நிமிடம். இங்கே ஒரு பக்கம் இருக்கிறது.

எங்கள் வீட்டிலும் இந்த ஆண்டு இதே பேச்சுதான். பெரியம்மாவுக்கு ஆறு சுற்று கீமோ. மூன்று முடிந்துவிட்டது. நான்காவது சுற்று முடிந்த பத்தாம் நாள் தீபாவளி. செந்தூலில் அவர் வீட்டுத் திறந்த இல்ல உபசரிப்புக்கு வராத சொந்தமே கிடையாது. இப்போது அந்தச் சொந்தமெல்லாம் ஆளுக்கொரு தடை உத்தரவோடு வருகிறது. ஆட்டிறைச்சி கூடாது என்கிறார் ஒரு மாமா. சீனி புற்றுநோய்க்குத் தீனி என்று புலனத்தில் காணொளி அனுப்புகிறார் ஓர் அத்தை. பால் வேண்டாம், தௌஃபு வேண்டாம், கத்தரிக்காய் வேண்டாம். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்ட பெரியம்மா இரண்டு மாதத்தில் நான்கு கிலோ இளைத்துவிட்டார். "அப்ப நான் எதைத்தாண்டி சாப்பிடறது?" என்று என்னிடம் கேட்டபோது அவர் குரலில் கோபம் இல்லை. சலிப்புதான் இருந்தது.

அடுத்த மருத்துவச் சந்திப்பில் உணவியல் நிபுணரிடம் இதையே கேட்டோம். அவர் பட்டியல் எதுவும் நீட்டவில்லை. "சிகிச்சை முடியும்வரை உங்கள் வேலை உடம்பை விட்டுக்கொடுக்காமல் இருப்பது. ஒவ்வொரு வேளையும் புரதம் இருக்கட்டும்" என்றார். முட்டை, மீன், கோழி, பருப்பு, தௌஃபு, தெம்பே, தயிர். இதில் பாதி எங்கள் சொந்தக்காரர்களின் தடைப் பட்டியலில் இருந்தவை.

சீனியும் சோயாவும்

சீனியை அடியோடு நிறுத்தினால் புற்று பட்டினி கிடந்து செத்துவிடும் என்பது உண்மையல்ல. உடம்பின் எல்லா உயிரணுக்களும் குளுக்கோஸைப் பயன்படுத்துகின்றன. நாம் சீனி சாப்பிடாவிட்டாலும் உடம்பு மற்ற உணவிலிருந்து அதை உண்டாக்கிக்கொள்ளும். அதற்காகத் தட்டு நிறைய லட்டு என்று அர்த்தமில்லை. கீமோவோடு கொடுக்கும் டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு மருந்துகள் ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும். நீரிழிவு உள்ளவர்கள் அந்த நாள்களில் அளவைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். சிகிச்சை முடித்து மாதவிடாயும் நின்றவர்களுக்கு அதிக உடல் எடை நல்லதல்ல. பலகாரத்தில் ஒன்று இரண்டு என்று எடுத்து, ருசித்துச் சாப்பிடுவதில் குற்றமில்லை.

சோயாவில் இருப்பது பெண்களின் உடம்பில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் அல்ல; அதன் சாயல் கொண்ட ஒரு தாவரப் பொருள். தௌஃபு, தெம்பே, சோயாப் பால் போன்றவற்றை உணவாகச் சாப்பிடுவதால் மார்பகப் புற்றுநோய் உள்ளவர்களுக்குத் தீங்கு என்று ஆய்வுகள் காட்டவில்லை. அதையே மாத்திரையாக விழுங்குவது வேறு கதை. அதற்கு மருத்துவரைக் கேளுங்கள்.

படையல் முதல் கூடாரம் வரை

நம் தீபாவளியில் கீமோ நோயாளிக்கு உண்மையான ஆபத்து எண்ணெயோ இனிப்போ அல்ல, கிருமி. பெரும்பாலான கீமோ மருந்துகளுக்குப் பிறகு, ஏறத்தாழ ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள்வரை வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும். நமக்கு ஒரு நாள் வயிற்றுப்போக்கோடு போவது அவர்களை மருத்துவமனையில் படுக்க வைத்துவிடும். பெரியம்மாவின் பத்தாம் நாள் அந்தக் கணக்குக்குள்தான் வருகிறது.

சமைத்த உணவை வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக்கூடாது என்பது பொது விதி. வெயில் 32 பாகையைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான். கோலாலம்பூர் நண்பகலில், கூடாரத்தின் கீழ் என்ன வெப்பம் என்று உங்களுக்கே தெரியும். பிரியாணியும் மட்டன் பிரட்டலும் காலை பத்து மணிக்கு மேசைக்கு வந்து பிற்பகல் நான்கு வரை அங்கேயே இருக்கும். அதில் மூன்று மணிக்கு எடுத்து அவருக்குக் கொடுக்காதீர்கள்.

முதல் நாள் மாலைப் படையலிலும் இதே சிக்கல்தான். முன்னோருக்கு வைப்பதற்கு முன் யாரும் வாய் வைப்பதில்லை. இலையில் வைத்தது ஆறிக் கிடக்கும். இதற்குப் பெரியம்மாவே ஒரு வழி சொன்னார். இலைக்குக் கொஞ்சமாக எடுத்து வைத்துவிட்டு மீதியை அடுப்பிலேயே சூடாக வைத்திருப்பது, படையல் முடிந்ததும் அந்தப் பானையிலிருந்து அவருக்குப் பரிமாறுவது. முன்னோருக்கும் குறையில்லை, அவருக்கும் பயமில்லை.

கவனிக்க வேண்டியவை இன்னும் சில. காலைப் பசியாறலில் அரைவேக்காட்டு முட்டை வேண்டாம். மஞ்சள் கரு கெட்டியாகும்வரை வேகட்டும். பச்சையாக முளைக்கட்டிய பயற்றைவிட வெந்த சுண்டல் நல்லது. கடையில் வெட்டி வைத்த பழத்தை விட்டுவிட்டு, வீட்டிலேயே கழுவித் தோல் சீவிய பப்பாளியோ வாழைப்பழமோ கொடுங்கள். இரவெல்லாம் வெளியில் இருந்த சோறு வேண்டாம். மீந்ததை உடனே குளிர்பதனப் பெட்டியில் வைத்து, ஆவி பறக்கும்வரை ஒரே ஒருமுறை சூடாக்குங்கள்.

இன்னொன்று. உடல் வெப்பம் 38 பாகையை எட்டினால், தீபாவளி நாளே ஆனாலும் விருந்தாளிகளை விட்டுவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பெனடால் போட்டுவிட்டு விடியட்டும் என்று காத்திருப்பது உயிரோடு விளையாடுவது.

நாக்கு ஒத்துழைக்காதபோது

கீமோவில் பலருக்கு எல்லாமே இரும்பு ருசியாகிவிடும். எவர்சில்வர் கரண்டிக்குப் பதில் பிளாஸ்டிக் அல்லது மரக்கரண்டியில் கொடுத்துப் பாருங்கள். வாயில் புண் இல்லையென்றால் சிறிது எலுமிச்சையும் புதினாவும் ருசியை மீட்கும். புண் இருந்தால் முறுக்கும் ஓமப்பொடியும் கிழித்துவிடும், காரமும் புளிப்பும் எரியும். அப்போது இட்லி, இடியாப்பம், குழைந்த பருப்புச் சோறு, ஆறிய கேழ்வரகுக் கஞ்சி எல்லாம் தோது. தாளிக்கும் வாசனையே குமட்டினால் அவரை அடுப்படியிலிருந்து தள்ளி உட்கார வையுங்கள். சூடான உணவைவிட ஆறியதில் வாசனை குறைவு. சமைத்த கையோடு எடுத்து ஆற வைத்துக் கொடுங்கள். மூன்று வேளைப் பெருஞ்சோற்றுக்குப் பதில் ஆறு சிறு வேளையாகப் பிரிக்கலாம்.

சிகிச்சை முடித்து நன்றாக இருப்பவர்களுக்கு நம் சுகாதார அமைச்சின் 'சுக்கு சுக்கு செபாரோ' தட்டே போதும்: கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ கோழியோ பருப்போ, அரைப் பங்கு காய்கறியும் பழமும். லெட்ரோஸோல், அனஸ்ட்ரஸோல் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு எலும்பு தேயும் வாய்ப்பு உண்டு. கேழ்வரகு, கீரை, நெத்திலி, தயிர் எல்லாம் அவர்கள் தட்டில் இருக்கட்டும்.

கிளாஸில் என்ன?

இதைப் பேசினால் சில மாமாக்களுக்கு என்மேல் வருத்தம் வரும். பரவாயில்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1988-லேயே மதுவைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. மது பெண்களின் உடம்பில் ஈஸ்ட்ரோஜன் அளவைக் கூட்டுகிறது. 53 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2002-இல் வெளியான கணக்கு, தினமும் குடிக்கும் ஒவ்வொரு 10 கிராம் மதுசாரத்துக்கும் மார்பகப் புற்றுநோய் அபாயம் ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுவதாகச் சொல்கிறது. 320 மில்லி பீர் கேன் ஒன்றில், 5 விழுக்காடு என்றால், 12 கிராமுக்கு மேல் மதுசாரம் இருக்கிறது. சிவப்பு ஒயினில் இருப்பதும் அதே மதுசாரம்தான். "கொஞ்சம் ஒயின் உடம்புக்கு நல்லது" என்று அவர் கையில் கிளாஸைத் திணிக்காதீர்கள். கீமோ நடக்கும்போது அது வாய்ப்புண்ணையும் நீர் வறட்சியையும் கூட்டும், கல்லீரலுக்கும் சுமை.

சிராப்புக்கும் கேஸ் பானத்துக்கும் பதிலாக மோர், அப்போதே வெட்டிய இளநீர், சீனி குறைத்த இஞ்சித் தேநீர் வைக்கலாம். எல்லோருக்கும் அதையே வைத்தால் அவர் மட்டும் தனியாகத் தெரியமாட்டார்.

ஈப்போ பக்கம் போய் வருபவர்கள் தம்புன் பொமேலோ வாங்கி வருவார்கள். அதில் ஓர் எச்சரிக்கை: பால்போசிக்லிப், ரிபோசிக்லிப், லப்பாட்டினிப் போன்ற மருந்துகளோடு கிரேப்ஃபுரூட் சேரக்கூடாது. அது ரத்தத்தில் மருந்தின் அளவை ஏற்றிவிடும். பொமேலோ அதன் நெருங்கிய உறவு. இந்த மருந்துகளைச் சாப்பிடுபவர்கள் இரண்டையும் தவிர்ப்பதே நல்லது.

டுரியான் பெலண்டா இலைக் கஷாயமும் மஞ்சள் மாத்திரையும் அன்போடுதான் வருகின்றன. குழம்பில் போடும் மஞ்சளால் கவலையில்லை. மாத்திரையாகச் செறிவூட்டிய மஞ்சள், டமோக்சிஃபென் எடுப்பவர்களின் ரத்தத்தில் அந்த மருந்தின் வேலையைச் செய்யும் பொருளைக் குறைத்ததாக 2019-இல் நெதர்லாந்தில் நடந்த ஒரு சிறு ஆய்வு காட்டியது. இலைக் கஷாயம் மனிதர்களிடம் புற்றுநோயைக் குணப்படுத்தியதற்குச் சான்று இல்லை. எதுவானாலும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லிவிட்டுச் சாப்பிடுங்கள்.

விருந்தாளிகளுக்கு

ஒரு வழியாகப் பெரியம்மா வீட்டில் முடிவெடுத்துவிட்டார்கள். கதவு திறந்திருக்கும், ஆனால் பதினொன்றிலிருந்து ஒன்றுவரைதான். இருமல், சளி உள்ளவர்கள் தொலைபேசியில் வாழ்த்தினால் போதும். வாசலில் சோப்பும் தண்ணீரும் இருக்கும். முறுக்கு பிழியும் வேலை இந்த ஆண்டு அண்ணன்களுக்கு. அறுவை சிகிச்சையில் அக்குளின் நிணநீர்க் கணுக்களை எடுத்தவர்கள் அந்தப் பக்கக் கையில் எண்ணெய் தெறிக்காமலும் காயம் படாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு சின்னத் தீப்புண்ணும் அந்தக் கையில் வீக்கத்தைக் கிளப்பிவிடக்கூடும்.

நீங்களும் இப்படி ஒரு வீட்டுக்குப் போகக்கூடும். முடி கொட்டியதையோ இளைத்ததையோ பார்த்து "அய்யோ" என்று தொடங்காதீர்கள். அவர் தட்டை எண்ணாதீர்கள். ஒரு லட்டு எடுத்தால் எடுக்கட்டும். "உங்களுக்கு என்ன சாப்பிடத் தோணுது?" என்று கேளுங்கள். எத்தனையோ பேர் என்ன கூடாது என்று சொல்லிவிட்டார்கள். இதைக் கேட்டவர்கள் அநேகமாக யாரும் இருக்கமாட்டார்கள்.