கட்டுச்சோறு எத்தனை நாளைக்கு?

கட்டிக்கொடுத்த சோறும் கற்றுக்கொடுத்த சொல்லும் எத்தனை நாளைக்கு என்று நம் முன்னோர் கேட்டார்கள். வலைத்தளம் அமைக்கக் கற்பிக்கும் கணினிப் பயிற்சி நிலையங்களை நோக்கி அதே கேள்வியை இன்று நாம் கேட்க வேண்டியிருக்கிறது.

அன்புள்ள பெற்றோர்களே! உங்கள் பிள்ளைகள் கற்கும் இத்துறையில் மூன்று மென்பொருள்கள் அடிப்படையானவை. வாசகர் கேட்கும் பக்கத்தை எடுத்துக் கொடுப்பது அப்பாச்சி. நிரலை இயக்குவது பிஎச்பி. தரவுகளைச் சேமித்துக் காப்பது மைஎஸ்க்யூஎல். இவற்றை ஒரே பொதியாகக் கட்டி 2002 ஆம் ஆண்டு முதல் வழங்கப்பட்டுவருவதே எக்ஸாம்ப். ஒருமுறை நிறுவி, இரண்டு பொத்தான்களை அழுத்தினால் போதும், பச்சை விளக்கு எரியும். பெரும்பாலான வகுப்புகளில் சர்வர் பற்றிய பாடம் அத்துடன் முடிந்துவிடுகிறது. இதைக் கல்வி என்று அழைப்பதை நான் மறுக்கிறேன்.

அந்தப் பொத்தானின் அருகே ‘மைஎஸ்க்யூஎல்’ என்று எழுதியிருக்கும். ஆனால் 2015 முதல் அப்பொதிக்குள் இருப்பது, அதிலிருந்து பிரிந்து வளர்ந்த மரியாடிபி என்னும் வேறு மென்பொருள். தாம் எதை இயக்குகிறோம் என்பதையே அறியாமல் ஆண்டுக்கணக்கில் அதை இயக்குவோர் எத்தனை பேர்! அதில் ‘ரூட்’ எனப்படும் தலைமைப் பயனருக்குத் தொடக்கத்தில் கடவுச்சொல்லே கிடையாது. இப்பொதி பயிற்சிக்கும் சோதனைக்கும் உரியது, பொதுமக்கள் பயன்படுத்தும் தளத்தை இதில் நடத்தலாகாது என்று அதை உருவாக்கியவர்களே சொல்லியிருக்கிறார்கள். அந்த எச்சரிக்கை எத்தனை வகுப்பறைகளில் வாசித்துக் காட்டப்படுகிறது?

அப்பாச்சி கேட்கும் 80 ஆம் எண் வாயிலை வேறொரு மென்பொருள் பிடித்துக்கொண்டால் பச்சை விளக்கு எரியாது. மாணவர் என்ன செய்கிறார்? பொதி முழுவதையும் நீக்கிவிட்டு மீண்டும் நிறுவுகிறார். அமைப்புக் கோப்பில் ஒரே ஒரு வரியை மாற்றினால் தீரக்கூடிய சிக்கல் அது. எழுத்துக்கூட்டக் கற்காமல் காதால் கேட்டே பாடத்தை ஒப்பிக்கும் பிள்ளை, புதிய பக்கத்தைத் திறந்ததும் திகைத்து நிற்பதைப் போன்றது இந்நிலை.

அந்தப் புதிய பக்கம் முதல் வேலையிலேயே திறக்கிறது. அங்கே பெரும்பாலும் லினக்ஸ் சர்வர்தான் காத்திருக்கும். பொத்தானும் இல்லை, பச்சை விளக்கும் இல்லை, கட்டளைத் திரை மட்டுமே. விண்டோஸில் ஓடிய தளம் இங்கே ஓடாமல் போகலாம். கோப்பின் பெயரில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் இங்கே வெவ்வேறு. கோப்புகளுக்கு உரிமையாளர் உண்டு, அனுமதி உண்டு. அப்பாச்சியையும் பிஎச்பியையும் இணைக்கத் தவறினால், நிரலை இயக்குவதற்குப் பதிலாக அதன் மூல வரிகளையே சர்வர் வாசகருக்கு அனுப்பிவிடும். அவ்வரிகளில் தரவுத்தளத்தின் கடவுச்சொல்லும் இருக்கலாம். ஒரு கடையின் வாடிக்கையாளர்கள் நம்பிக் கொடுத்த பெயரும் முகவரியும் தொலைபேசி எண்ணும் அந்த ஒரு கடவுச்சொல்லுக்குப் பின்னால்தான் இருக்கின்றன. அவை பிறர் நம்மிடம் ஒப்படைத்த பொருள்கள் அல்லவா?

“தொடக்க மாணவரை இப்படி அச்சுறுத்தலாமா? முதலில் நிரல் எழுதட்டும், மற்றதைப் பிறகு கற்கட்டும்” என்று ஆசிரியர்கள் சிலர் வாதிடுகிறார்கள். அந்தப் ‘பிறகு’ வருவதேயில்லை. பாடத்திட்டம் முடிகிறது, சான்றிதழும் கைக்கு வந்துவிடுகிறது. மூல நிரலிலிருந்து தொகுத்து நிறுவும்படி நான் யாரையும் கேட்கவில்லை. உபுண்டு போன்ற லினக்ஸில் ‘ஆப்ட்’ என்னும் கட்டளையால் மூன்றையும் தனித்தனியாக நிறுவலாம். முதலில் அப்பாச்சியை மட்டும் நிறுவி, ஒரு சாதாரணப் பக்கத்தைக் காணட்டும். அடுத்து பிஎச்பியை நிறுவி, இரண்டும் எவ்வாறு இணைகின்றன என்று பார்க்கட்டும். இறுதியில் தரவுத்தளத்தை நிறுவி, தளத்திற்கெனத் தனிப் பயனரை உருவாக்கி, தேவையான உரிமையை மட்டும் கொடுக்கட்டும். ஒவ்வொன்றையும் வேண்டுமென்றே நிறுத்தி, பிழைப் பதிவேட்டில் என்ன எழுதப்படுகிறது என்று படிக்கட்டும். சில நாள் உழைப்பு இது. ஆறு மாதப் பயிற்சியில் இதற்கு இடமில்லை என்றால் வேறு எதற்கு இடம்?

அதன்பின் எக்ஸாம்பையோ வாம்பையோ தாராளமாகப் பயன்படுத்தலாம். உள்ளே இருப்பதை அறிந்தவருக்கு அப்பொதி நேரத்தை மிச்சப்படுத்தும் நல்ல கருவி. அறியாதவரை அது தன்னையே சார்ந்து நிற்கச் செய்துவிடும்.

எனவே, கட்டணம் செலுத்துமுன் பயிற்சி நிலையத்தாரிடம் ஒன்றைக் கேளுங்கள்: “இம்மூன்றையும் என் பிள்ளை தன் கையால் ஒருமுறையேனும் தனித்தனியாக நிறுவுமா?” இல்லை என்று பதில் வந்தால், உங்கள் பணத்தை வேறிடத்திற்குக் கொண்டு செல்லுங்கள்.