முன்னறிகுறியைப் படிப்பதற்கு யாருக்கு வாய்ப்பு?

மார்பகப் புற்றுநோயின் வரவை முன்கூட்டியே உணர்த்தும் உயிரியல் அடையாளங்களுள் மிக உறுதியாக நிறுவப்பட்டவை பிஆர்சிஏ-1, பிஆர்சிஏ-2 என்னும் இரு மரபணுக்களில் நேரும் பிறழ்வுகளாகும். இவற்றைச் சுமக்கும் பெண்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 70 பேரை 80 வயதுக்குள் இந்நோய் பற்றுகின்றது. 1990 இல் கலிபோர்னியாவின் பேர்க்லி பல்கலைக்கழகத்தில், 23 குடும்பங்களை ஆராய்ந்த மேரி-கிளெயர் கிங், முதலாவது மரபணுவின் இருப்பிடம் 17ஆம் நிறமூர்த்தம் எனக் காட்டினார்.

அதன் பின்னர் நிகழ்ந்ததே கவனிக்கத்தக்கது. 1994 இல் யூட்டா மாநில ஆய்வாளர்கள் அம்மரபணுவைப் பிரித்தெடுத்தனர். மிரியட் ஜெனடிக்ஸ் நிறுவனம் காப்புரிமை பெற்றது. தன் உடலில் உள்ளதைத் தானே அறிய அமெரிக்கப் பெண் 3,000 டொலருக்கு மேல் செலுத்த நேர்ந்தது. இயற்கையில் உள்ள மரபணு எவருக்கும் காப்புரிமையாகாது என்று 2013 யூன் 13 இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஏகமனதாகத் தீர்ப்பளித்தது. பிற ஆய்வுகூடங்களும் களமிறங்கின, விலை வீழ்ந்தது.

ஒரு பூட்டு உடைந்தது. மற்றொன்று உளது, அதனைப் பற்றிப் பேசுவோர் குறைவு. பிரித்தானியா முதலிய நாடுகளில் நோயற்ற ஒரு பெண்ணுக்கு இப்பரிசோதனையை வழங்குவதா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது குடும்ப வரலாறே. யாருக்கு வந்தது, எந்த வயதில் வந்தது என வைத்தியர் வினவுகின்றார். "அம்மம்மா வயிற்றிலே கட்டி வந்து போனா" என்பதற்கு மேல் நம்மிற் பலரிடம் விடையில்லை. பத்திரங்கள் எரிந்தன, உறவுகள் சிதறின. அந்த வயிற்றுக்கட்டி சூலகப் புற்றுநோயாகவும் இருந்திருக்கலாம். அதுவும் இதே மரபணுக்களின் வேலைதான்.

பரிசோதனை கிடைத்தாலும் சிக்கல் தீர்வதில்லை. மரபணுத் தரவுகளிற் பெரும்பகுதி ஐரோப்பிய வம்சாவளியினருடையது. ஆதலால் தெற்காசியப் பெண்களுக்கு "பொருள் உறுதியற்ற மாற்றம்" என்ற முடிவே கூடுதலாகக் கிடைக்கின்றது. அச்சமும் நீங்காது, ஆறுதலும் வராது.

இழப்பு சிறிதன்று. மாதவிடாய் நின்ற, ஆபத்து மிகுந்த பெண்களுக்குத் தடுப்பு மருந்தாக அனஸ்ட்ரோசோலை 2023 நவம்பரில் பிரித்தானியா அங்கீகரித்தது. நோய்வாய்ப்பை அது ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கின்றது. அதற்கும் வாயில் குடும்ப வரலாறுதான்.

மார்பகப் புற்றுநோய்களுள் பரம்பரையால் வருபவை நூற்றுக்கு 5 முதல் 10 வரையே என்பதையும் மறத்தலாகாது. பிறழ்வு இல்லையென்ற முடிவு வழமையான மார்பகப் பரிசோதனைக்கு விடுமுறையன்று. ஆயினும் ஊரிலோ ரொறன்ரோவிலோ இன்னும் உயிருடன் இருக்கும் மாமியிடம் தொலைபேசியில் கேட்கவேண்டியவை சில உள: எந்த உறுப்பில், எத்தனை வயதில், எத்தனை பேருக்கு? தந்தை வழியையும் கேளுங்கள். தகப்பனிடமிருந்தும் இப்பிறழ்வு பாதிக்குப் பாதி வாய்ப்பில் மகளுக்கு வருகின்றது.